ஸ்குரூ டிரைவர்: எதில் சிக்கனம், எதில் செலவு?

கம்ப்யூட்டரை நாமே கழற்றிப் பார்க்கும் ஆசை நம்மில் பலருக்கு உண்டு. எனக்கும் இருந்தது. லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. பொருத்தலாம் என்று, நடைபாதைக் கடையில் வாங்கிய 32 பிட் செட்டுடன் உட்கார்ந்தேன். பத்து ஸ்குரூக்களில் ஒன்பது கழன்றன. பத்தாவதில் பிட் நழுவியது. விடாமல் திருகினேன், ஸ்குரூ தலையில் இருந்த கூட்டல் குறி வட்டக் குழியாகிவிட்டது. அதைத் துளையிட்டு எடுக்கக் கொடுத்த கூலியில் நல்ல ஸ்குரூ டிரைவரே வாங்கியிருக்கலாம்.

ஏன் நழுவுகிறது?

கடைகளில் நாம் 'ஸ்டார்' என்று கேட்டு வாங்குவதன் சரியான பெயர் பிலிப்ஸ். ஹென்றி பிலிப்ஸ் 1936ல் காப்புரிமை பெற்றது. இதன் குழி உள்ளே போகப் போகக் குறுகும். எனவே திருகும்போது பிட் மேல்நோக்கித் தள்ளப்படும். நுனி குழியில் சரியாகப் பொருந்தினால்தான் பிடிப்பு கிடைக்கும். மலிவான பிட்களில் இரும்பு மென்மையாக இருக்கும். நுனி விரைவில் மழுங்கி, ஸ்குரூவையும் கெடுத்துவிடும்.

எதற்கு எந்த அளவு?

* டெஸ்க்டாப் கேபினட், 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க்: பி.எச்.2

* லேப்டாப் அடி மூடி: பெரும்பாலும் பி.எச்.0, சிலவற்றில் பி.எச்.00 அல்லது டார்க்ஸ் டி5

* மேக்புக் அடி மூடி: ஐந்து இதழ் வடிவ பென்டலோப் பி5

எங்கே செலவிடலாம்?

டெஸ்க்டாப் ஸ்குரூக்கள் பெரியவை. அவற்றுக்கு டபாரியா போன்ற சாதாரண விலை பி.எச்.2 போதும். ட்வீசர், ஸ்குரூ போட்டு வைக்கும் டப்பா, மூடியை நெம்பும் பிளாஸ்டிக் துண்டு ஆகியவற்றிலும் சிக்கனம் பார்க்கலாம். ஆனால் லேப்டாப்பின் சிறு ஸ்குரூக்களைத் தொடும் பி.எச்.0, பி.எச்.00 இரண்டை மட்டும் வீஹா, வேரா போன்ற தரமான நிறுவனத் தயாரிப்பாக வாங்குங்கள். நூறு பிட் கொண்ட மலிவு செட்டைவிட இந்த இரண்டு அதிகம் உழைக்கும்.

வேலையைத் தொடங்கும் முன் சார்ஜரை எடுத்துவிடுங்கள். மூடியைத் திறந்தவுடன் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். ஸ்குரூ டிரைவரைச் செங்குத்தாகப் பிடித்து, முதலில் அழுத்தி, பிறகு திருகவும். பிட் ஒருமுறை நழுவினால் உடனே நிறுத்திவிட்டு அளவைச் சரிபாருங்கள். நான் நிறுத்தவில்லை, அதனால்தான் கூலி கொடுத்தேன்.