மாலேயில் நிகழ்ந்த ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி

இந்தியப் பெருங்கடலில் சிதறிக் கிடக்கும் பவளத் தீவுகளின் கூட்டமே மாலத்தீவு. ஏறத்தாழ 1,200 தீவுகளையும் ஒன்றாகச் சேர்த்தாலும் நிலப்பரப்பு 300 சதுர கிலோமீட்டர் அளவே. அது சேலம் மாவட்டத்தில் பதினைந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பெரும்படை வைத்துக்கொள்ள இயலாத இந்நாட்டை எண்பது பேர் கொண்டு கைப்பற்றிவிடலாம் என்று 1988ஆம் ஆண்டில் சிலர் கணக்கிட்டனர்.

திட்டத்தை முன்னின்று நடத்தியவர் அப்துல்லா லுத்துஃபி என்னும் மாலத்தீவு வணிகர். ஆயுதமேந்திய ஆட்களை அளித்தது, இலங்கைத் தமிழ் இயக்கங்களுள் ஒன்றாகிய தமிழீழ மக்கள் விடுதலைக் கழகம். தம் மக்களின் உரிமைக்காகப் போராடப் புறப்பட்ட இளைஞர்கள், தமக்குப் பகையில்லாத அயல்நாட்டின் அரசைக் கவிழ்க்கும் கூலிப்படையாயினர். தமிழர் வரலாற்றில் இதை மென்மைப்படுத்திச் சொல்ல வழியில்லை.

நவம்பர் 3 அன்று விடியுமுன் கப்பலில் வந்திறங்கிய அவர்கள், தலைநகர் மாலேயின் முதன்மையான இடங்களைப் பிடித்தனர். எனினும் அதிபர் மௌமூன் அப்துல் கயூம் அவர்களிடம் அகப்படவில்லை. இடம் மாற்றி இடம் மறைந்திருந்தபடியே இந்தியா உள்ளிட்ட பல நாடுகளிடம் அவர் உதவி கோரினார். மற்றொன்றையும் கூலிப்படையினர் கோட்டைவிட்டனர். விமான நிலையம் மாலேயில் இல்லை. இடையே கடல் பிரிக்க, அருகிலுள்ள ஹுல்ஹுலே தீவில் இருந்தது. (இன்று இரண்டையும் பாலம் இணைக்கிறது, அன்று படகே வழி.) கைப்பற்றப்படாத அந்த ஓடுதளத்தில், ஆக்ராவிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கும் மேல் பறந்து வந்த இந்திய விமானங்கள் அன்றிரவே தரையிறங்கின. வான்குடைப் படையினர் படகுகளில் மாலேக்குக் கடந்தனர். மறுநாள் காலைக்குள் நகரம் மீட்கப்பட்டது. பிணையாளர்களுடன் கப்பலேறித் தப்பியோரைக் கோதாவரி, பெட்வா என்னும் இந்தியப் போர்க்கப்பல்கள் துரத்திப் பிடித்தன. லுத்துஃபி உள்ளிட்டோருக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை பின்னர் ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன் சைப்பிரசு தீவில் நிகழ்ந்ததோ வேறு. 1974 ஜூலை 15 அன்று, கிரேக்க இராணுவ ஆட்சியாளரின் துணையுடன் அதிபர் மக்காரியோசின் அரசு கவிழ்க்கப்பட்டது. ஐந்தாம் நாள் துருக்கிப் படை வந்திறங்கியது. அப்படை இன்றும் தீவின் வடபகுதியில் நிற்கிறது. தலைநகர் நிக்கோசியா இரண்டாகவே உள்ளது. மாலத்தீவுக்குச் சென்ற இந்திய வீரர்களுள் பெரும்பாலோர் விரைவிலேயே நாடு திரும்பினர். எஞ்சிய சிறு பிரிவும் பின்னர் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆனால் அதே காலத்தில் இலங்கையில் போரில் சிக்கியிருந்த இந்திய அமைதிப்படை முழுமையாகத் திரும்ப 1990 மார்ச் வரை காத்திருக்க நேர்ந்தது.