பரணிலிருந்து மானைக் குறிவைக்கும் முன்

அமெரிக்காவில் இலையுதிர்காலம் வந்தால் பெரும்பாலான மாநிலங்களில் வில் வேட்டைக்கான சீசன் திறந்துவிடும். விஸ்கான்சின் மாநிலம் 1934ஆம் ஆண்டிலேயே வில்லுக்கென்று தனி சீசன் ஒதுக்கியது. உரிமம் வாங்கி, விதிப்படி வெள்ளைவால் மானை வேட்டையாடுவது அங்கே சட்டம் அனுமதித்த செயல். இந்தியாவிலோ 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மான் மீது கை வைப்பதே குற்றம். ஆகவே வேலைக்காக அங்கே குடியேறி, உடன் பணிபுரிபவர் அழைத்தார் என்று முதல்முறை மரப்பரணில் ஏறும் தமிழருக்கு, வீட்டுப் பெரியவர் சொல்லிக்கொடுத்த வேட்டைப் பாடம் ஏதும் இருக்காது. உரிமத்துக்குப் பணம் கட்டும் முன் அவர் தெரிந்துகொள்ள வேண்டியவை நிறைய. அவற்றில் முதலாவது, எந்தக் கோணத்தில் அம்பை விடக் கூடாது என்பது.

அம்பு துப்பாக்கிக் குண்டைப் போல அதிர்ச்சியால் சாய்ப்பதில்லை. கூரான முனை உள்ளே அறுத்துக்கொண்டு போகிறது. ரத்தம் வெளியேறித்தான் மான் சாகிறது. இரண்டு நுரையீரலையும் துளைத்துவிட்டால் சில விநாடிகளில் நினைவிழக்கும்; பெரும்பாலும் 100 கெஜத்துக்குள் விழுந்து கிடக்கும். அம்பு குடலிலோ தொடையிலோ பட்டால் அதே மான் மணிக்கணக்கில், சில வேளை நாள்கணக்கில், புதருக்குள் கிடந்து வதைபடும். இதயமும் நுரையீரலும் சேர்ந்த இலக்கின் அகலம் 8 முதல் 10 அங்குலம்தான். அதுவும் மான் பக்கவாட்டில் நிற்கும்போது.

பரணில் உட்கார்ந்தவரைக் கண் ஏமாற்றுவது இங்கேதான். மான் மரத்தடிக்கே வந்து நின்றால் கையில் அகப்பட்டதுபோலத் தோன்றும். உண்மையில் அதைவிட மோசமான வாய்ப்பு குறைவு. 20 அடி உயரத்தில் இருப்பவர் 20 கெஜம் தள்ளி நிற்கும் மானை ஏறத்தாழ 20 பாகைச் சரிவில் பார்க்கிறார். அம்பு விலாவுக்குள் புகுந்து இரு நுரையீரலையும் கடந்து மறுபக்கம் வெளியேற வழி இருக்கிறது. அதே மான் 5 கெஜத்துக்கு வந்துவிட்டால் சரிவு 50 பாகையைத் தாண்டிவிடும். நுரையீரல்கள் முதுகெலும்புக்கு இருபுறமும் பக்கம் பக்கமாக இருப்பவை. செங்குத்தாக இறங்கும் அம்பு ஒன்றை மட்டும் கிழித்து, மற்றதைத் தொடாமல் போய்விடக்கூடும். ஒற்றை நுரையீரலோடு மான் வெகுதூரம் ஓடும். அம்பு அடிவயிற்றுப் பக்கம் துளைத்து வெளியேறாவிட்டால் பின்தொடர ரத்தத் தடமும் சரியாகக் கிடைக்காது. ஆகவே நேர் கீழே நிற்கும் மானுக்கு வில்லை வளைக்காதீர்கள். அது நகர்ந்து போகட்டும். 15, 20 கெஜத்துக்கு விலகிய பின் பாருங்கள்.

எங்கே படும் என்று யோசிப்பதைவிட எங்கே வெளியேறும் என்று யோசிப்பதே பரணில் இருப்பவருக்கு உதவும். மான் பக்கவாட்டில் நிற்கிறதா? மறுபக்க முன்னங்காலை ஒட்டி அம்பு வெளிவர வேண்டும். அதற்கேற்ப இந்தப் பக்கம் சற்று மேலே குறிவைக்க வேண்டும். நமக்குப் பின்புறம் காட்டிச் சற்றுச் சாய்வாக நிற்கிறதா? பலர் விரும்பும் நிலை இது. மானின் பார்வை நம் பக்கம் இல்லை; அம்பு கடைசி விலாக்களுக்கு அருகே புகுந்து நெஞ்சறையை நோக்கிப் போகும். ஆனால் சாய்வு மிகுந்துவிட்டால் அம்பு முதலில் இரைப்பையைக் கிழித்துக்கொண்டுதான் முன்னேற வேண்டும். மறுபக்க முன்னங்கால் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் திரும்பியிருந்தால் விட்டுவிடுங்கள்.

முகத்தை நம் பக்கம் காட்டிச் சாய்ந்து நிற்கும் மான், நேரே எதிரே நிற்கும் மான், வாலைக் காட்டி நிற்கும் மான், ஓடும் மான்: இவை நான்குக்கும் அம்பே கூடாது. முன்பக்கம் தோள் எலும்பு தடுக்கும், பின்பக்கம் குடல். பின்னால் இன்னொரு மான் நின்றாலும் பொறுங்கள். ஊடுருவிய அம்பு அதன் மேலும் பாயும்.

பழகாதவர் எதிர்பாராத ஒன்றும் உண்டு. விநாடிக்கு 280 அடி வேகத்தில் போகும் அம்பு 30 கெஜம் கடக்க ஏறத்தாழ 0.32 விநாடி ஆகும். நாண் அதிரும் ஓசை 0.08 விநாடியில் மானின் காதை எட்டிவிடும். இடைப்பட்ட கால் விநாடியில் மான் துள்ளி ஓடத் தயாராகக் கால்களை மடக்கி உடலைத் தாழ்த்துகிறது. அம்பு மேலே போகிறது, அல்லது முதுகில் படுகிறது. தலையைத் தூக்கிக் காது விறைத்து நிற்கும் மானைவிட, தலை குனிந்து மேயும் மானே பொருத்தம். தூரத்தையும் உங்கள் கை தவறாமல் அடிக்கும் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கையை மட்டும் தாழ்த்தாமல் இடுப்பிலிருந்து வளைந்து குறிபார்ப்பது, உயரத்திலிருந்தே பயிற்சி செய்வது, இரண்டையும் சீசனுக்கு முன்பே பழகிவிட வேண்டும். தரையில் நின்று அடித்துப் பழகியவரின் குறி மேலே ஏறியதும் தப்பும்.

அம்பு விட்ட பின் உடனே ஓடாதீர்கள். மான் நின்ற இடத்தையும் மறைந்த இடத்தையும் மனத்தில் குறித்துக்கொண்டு, பின்னர் இறங்கி அம்பைப் பாருங்கள். நுரை கலந்த இளஞ்சிவப்பு ரத்தம் நுரையீரலைச் சொல்லும்; அரை மணி நேரம் போதும். கருஞ்சிவப்பு என்றால் கல்லீரலாக இருக்கலாம். நான்கைந்து மணி நேரம் விட வேண்டும். பச்சையாகவோ பழுப்பாகவோ நாற்றத்தோடு ஒட்டியிருந்தால் குடல். 8 முதல் 12 மணி நேரம் பொறுக்க வேண்டும். அவசரப்பட்டுக் கிளப்பினால் காயம்பட்ட மான் மைல்கணக்கில் போய்விடும், கிடைக்கவே கிடைக்காது. கயிற்றில் பிடித்த மோப்பநாயைக் கொண்டு தேடுவதைப் பல மாநிலங்கள் அனுமதிக்கின்றன. அப்படி நாய் வைத்திருப்பவரின் எண்ணை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

மான் வேலி தாண்டி அடுத்தவர் நிலத்தில் விழுந்தால்? அது நீங்கள் அடித்த மான் என்பதால் உள்ளே போகும் உரிமை வந்துவிடாது. பல மாநிலங்களில் நில உரிமையாளரின் அனுமதி வேண்டும், இல்லாவிட்டால் அத்துமீறல். டெக்சாஸ், மிசௌரி போன்ற இடங்களில் மரங்களில் தீட்டிய ஊதா வண்ணக் கோடே நுழையாதே என்ற அறிவிப்பு. உரிமையாளர் மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். மாநில வனவிலங்கு அதிகாரியை, அங்கே கேம் வார்டன் என்பார்கள், அழைத்து அவர் சொல்படி நடக்க வேண்டும். அடித்த இறைச்சியைக் காட்டில் அழுகவிடுவதும் பல மாநிலங்களில் குற்றம். ஒரு மாநிலத்தில் உரிமம் பறிபோனால், மாநிலங்களுக்கிடையேயான பரஸ்பர ஒப்பந்தத்தில் சேர்ந்துள்ள பெரும்பாலான மாநிலங்களிலும் அந்த ரத்து செல்லும்.

உங்களுக்கும் உரிமைகள் உண்டு. சட்டப்படி வேட்டையாடுபவரை வேண்டுமென்றே இடைமறித்துத் தொல்லை கொடுப்பதை 50 மாநிலங்களும் சட்டத்தால் தடுக்கின்றன. 1937ஆம் ஆண்டு பிட்மன்–ராபர்ட்சன் சட்டம் வனவிலங்குக்கென்று ஒதுக்கிய துப்பாக்கி, தோட்டா வரி, 1972ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வில், அம்புக்கும் விரிந்தது. அந்தப் பணம் வனவிலங்குப் பராமரிப்புக்கும் வேட்டைப் பயிற்சி வகுப்புக்கும் போகிறது. வில்லுக்கு நீங்கள் கொடுத்த விலையில் அந்த வரியும் அடக்கம், ஆகவே வகுப்பில் உட்காருங்கள். நியூயார்க்கில் வில்லுக்கென்று தனிப் பயிற்சிச் சான்று இல்லாமல் வில் வேட்டை உரிமமே கிடையாது.

மானுக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் பரண் ஆபத்தானது. வேட்டை விபத்துகளில் பரணிலிருந்து விழுவதே பெரும் பங்கு. உடல் முழுவதையும் தாங்கும் ஹார்னஸைத் தரையிலேயே மாட்டிக்கொண்டு, கால் தரையை விட்ட நொடியிலிருந்து திரும்ப இறங்கும்வரை உயிர்க்கயிற்றோடு இணைந்திருங்கள். வில்லைக் கையில் பிடித்து ஏறாமல், கயிறு கட்டி மேலே இழுத்துக்கொள்ளுங்கள். தவறி விழுந்து ஹார்னஸில் அசையாமல் தொங்கினால் கால்களில் ரத்தம் தேங்கி உயிருக்கே ஆபத்தாகும். காலை ஊன்றிக்கொள்ளும் பட்டையும் கைக்கெட்டும் போனும் அவசியம். அந்த நிலத்தை முன்பு வேட்டைக்குக் குத்தகை எடுத்தவர் விட்டுச்சென்ற பரணில் ஏறவே ஏறாதீர்கள். வெயிலில் கிடந்த பட்டை எப்போது அறும் என்று பார்வைக்குத் தெரியாது.

பரணோ பட்டையோ பழுதாகி அடிபட்டால், உடைந்த பாகத்தைத் தயாரிப்பாளரிடம் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அதுவே உங்கள் சாட்சி. படம் எடுத்து, ரசீதோடு பத்திரப்படுத்தி, மத்திய அரசின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் இணையதளத்தில் புகாரைப் பதியுங்கள். திரும்பப் பெறப்பட்ட பரண்களின் பட்டியலும் அங்கேயே இருக்கிறது. நஷ்டஈடு வழக்குக்கான காலக்கெடு மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதால் வழக்கறிஞரைச் சீக்கிரம் பாருங்கள்.

இந்த ஆண்டு ஏறப்போகிறீர்கள் என்றால் சீசனுக்கு முன்பே இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள். வேலிக்கு அப்பால் இருக்கும் நிலக்காரரைச் சந்தித்து, காயம்பட்ட மானைத் தேடி வர நேர்ந்தால் அனுமதிப்பாரா என்று கேளுங்கள். உங்கள் மாநில வனவிலங்குத் துறையின் இவ்வாண்டு விதிப்புத்தகத்தை வாங்கி முழுவதும் படியுங்கள்.