கணினிக்குள் இரண்டாவது அலுமாரி



பாடசாலை அதிபர் ஒருவர் கணினியின் உட்புறத்தைப் பற்றிப் பேச வருவது உங்களிற் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நானோ கலைப் பட்டதாரி. ஐம்பது வயதைக் கடந்த பின்னரே கணினியின் பக்கமூடியைக் கழற்றிப் பார்க்கும் துணிவு எனக்கு வந்தது. அத்துணிவைத் தந்தது ஒரு சிறு துன்பம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பதுளைப் பகுதியில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் பாடசாலை எங்களுடையது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலைப் பொழுதில் பழைய மாணவி ஒருத்தி தன் தாயாருடன் அலுவலகத்துக்கு வந்தாள். பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயர் ஒரு விதமாகவும், பாடசாலை விடுகைப் பத்திரத்தில் வேறொரு விதமாகவும் இருந்தமையால் அவளுடைய அடையாள அட்டை விண்ணப்பம் திரும்பி வந்திருந்தது. சேர்விடாப்பில் உள்ளபடி ஒரு கடிதம் வேண்டும் என்றாள். பழைய சேர்விடாப்புகளை எல்லாம் எங்கள் ஆசிரியர்கள் தங்கள் விடுமுறை நாட்களைச் செலவிட்டுக் கணினியில் பதிந்து வைத்திருந்தார்கள். ஆதலால், “ஐந்து நிமிடத்தில் தருகிறேன், அம்மா” என்று சொல்லிக் கணினியை இயக்கினேன். உள்ளிருந்து ‘டக், டக்’ என்று ஓர் ஓசை எழுந்தது. திரையில் ஒன்றும் வரவில்லை. வன்தட்டு பழுதடைந்துவிட்டது.

பிறகு ஏடுகளை இறக்கித் தூசி தட்டித் தேடினோம். ஓரம் சிதைந்த ஒரு பக்கத்தில் அந்தப் பெயர் அகப்பட்டபோது பிற்பகல் மூன்று மணி ஆகிவிட்டது. அந்தத் தாயார் அன்றைய நாட்கூலியை இழந்தே எங்கள் வாசலில் காத்திருந்தார். ஆசிரியர்களின் விடுமுறை உழைப்பும் அன்றோடு போயிற்று.

ஒரு பெயருக்காக இத்தனை பாடா என்று யாரேனும் வினவலாம். மலையக மக்களுக்கு இவ்வினாவின் விடை தெரியும். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் முன்னோரின் பிறப்பிடத்துக்குச் சான்று கேட்டது. 1949ஆம் ஆண்டில் இந்திய, பாகிஸ்தானிய வதிவோருக்கென இயற்றப்பட்ட சட்டம், இந்நாட்டில் இடையறாது வாழ்ந்தமைக்குச் சான்று கேட்டது. அச்சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தோர் 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். பிரசாவுரிமை பெற்றோர் ஏறக்குறைய 134,000 பேர் மட்டுமே. 1964ஆம் ஆண்டின் ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தத்தைக் கடந்து, 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை அந்தக் கணக்கு நீண்டது. கடதாசித் துண்டு ஒன்று இருந்ததா இல்லையா என்பது ஒரு குடும்பத்தின் தலைவிதியை நிர்ணயித்த நாடு இது. ஆகவே ஏடுகளைக் காப்பது எங்களுக்கு அலுவலக வேலை மட்டுமன்று. பிள்ளைகளுக்குச் செய்யும் கடமையுமாகும்.

இனி விஷயத்துக்கு வருவோம். வன்தட்டு என்பது யாது? பலரும் ஹாட் டிஸ்க் என்று சொல்லும் பொருள்தான். கணினி தன் கோப்புகளை அடுக்கி வைக்கும் அலுமாரி என்று அதைக் கருதலாம். மூடிய உலோகப் பெட்டி ஒன்றினுள் கண்ணாடிபோல் வழவழப்பான தட்டுகள் சுழல்கின்றன. மேசைக் கணினிகளில் உள்ள பலவற்றில் அவை நிமிடத்துக்கு 7,200 முறை, அதாவது விநாடிக்கு 120 முறை, சுழலும். எழுதவும் படிக்கவும் பயன்படும் சிறு முனை தட்டைத் தொடாமல், தலைமயிரின் தடிப்பினும் மிகச் சிறிய இடைவெளியில் மிதந்து செல்லும். 1956இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டு, 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளைக் கொண்டிருந்தது. ஏறக்குறைய 50 இலட்சம் எழுத்துகளைத் தாங்கியது. இன்று கையில் அடங்கும் ஒரு டெராபைட் வன்தட்டு அதைப்போல் 2 இலட்சம் மடங்கு கொள்ளும். ஆயினும் சுழலும் பொருள் எதுவும் ஒரு நாள் நிற்கும். சுழலும் பாகமற்ற எஸ்எஸ்டி வகையும் முன்னறிவிப்பின்றிப் பழுதாகலாம். ஆதலால்தான் இரண்டாவது அலுமாரி வேண்டும் என்கிறேன்.

மேசைக் கணினியில் இதைச் சேர்ப்பது கடினமான காரியமன்று. கடைக்குப் போகுமுன் பக்கமூடியைத் திறந்து மூன்று விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, மூன்றரை அங்குல வன்தட்டு அமர்வதற்கு வெற்றுத் தட்டு உண்டா? இரண்டாவது, தாய்ப்பலகையில் ‘சாட்டா’ எனப்படும் சிறு பொருத்துவாய் ஒன்று மீதமிருக்கிறதா? மூன்றாவது, மின்வழங்கியிலிருந்து வரும் வயர்களில் அகலமான தட்டைத் தலையுள்ள ஒன்று வெறுமனே தொங்குகிறதா? மூன்றும் இருந்தால் வன்தட்டோடு ஒரு சாட்டா வயரையும் நான்கு திருகாணிகளையும் வாங்கிக் கொள்ளுங்கள். தனியாக விற்கப்படும் வன்தட்டுகளுடன் இவை பெரும்பாலும் வருவதில்லை. எஸ்எஸ்டி வாங்குவீராயின், அது இரண்டரை அங்குல அளவினதாக இருக்கலாம். அதைத் தாங்க ஒரு சிறு சட்டமும் தேவைப்படக்கூடும்.

வேலையைத் தொடங்குமுன், ஏற்கெனவே உள்ள முக்கியமான கோப்புகளை வேறோர் இடத்தில் பிரதி செய்து வையுங்கள். பின்னர் கணினியை முறைப்படி நிறுத்தி, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவரில் வருவது 230 வோல்ட் மின்சாரம் என்பதை மறவாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பின் இயக்கும் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்தினால் எஞ்சிய மின்சாரமும் பெருமளவு நீங்கும். மின்வழங்கியின் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்கலாகாது. அடுத்து, கணினிப் பெட்டியில் வர்ணம் பூசாத உலோகப் பகுதியைக் கையால் தொடுங்கள். நம் உடலில் தேங்கும் நிலைமின் நுண்ணிய உறுப்புகளைக் கெடுக்கவல்லது. உலோகத்தைத் தொட்டால் அது வெளியேறிவிடும்.

வன்தட்டைப் பக்கங்களிற் பிடித்துத் தூக்கி, தட்டில் வைத்து, இருபுறமும் இரண்டிரண்டு திருகாணிகளால் இறுக்குங்கள். பொருந்தாத நீண்ட திருகாணியைப் போட்டால் உள்ளே சேதம் நேரலாம். சாட்டா வயரின் தலை ஆங்கில ‘எல்’ எழுத்தின் வடிவில் இருக்கும். ஆதலால் அது ஒரு புறமாக மட்டுமே நுழையும். வலிந்து திணிக்க வேண்டாம். சிறிய தலை செய்தியைக் கொண்டு செல்வது. அகலமான தலை மின்சாரம் தருவது. இரண்டையும் பொருத்தியதும், வயர் எதுவும் விசிறியில் படாமல் ஒதுக்கிவிட்டு மூடியைப் போடலாம்.

இதற்குப் பின் பலர் ஏமாற்றமடைவார்கள். கணினியை இயக்கினால் புதிய வன்தட்டு கண்ணில் படாது! பழுது என்று எண்ணிக் கடைக்கு ஓட வேண்டாம். புது அலுமாரிக்கு இன்னும் தட்டுகள் அடிக்கப்படவில்லை, அவ்வளவே. விண்டோஸ் உள்ள கணினியாயின், தொடக்கப் பொத்தானை வலப்பக்கமாகச் சொடுக்கி ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ என்பதைத் திறந்தால், வன்தட்டுகள் யாவும் வரிசையாகத் தோன்றும்.

இவ்விடத்தில்தான் பெரும் ஆபத்து இருக்கிறது. எங்கள் பாடசாலையில் பழுதான வன்தட்டை மாற்றி, ஏடுகளை மீண்டும் பதிந்த பிறகு, இரண்டாவது வன்தட்டைச் சேர்த்தோம். எங்கள் இளம் ஆசிரியர் திரையைப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

“சேர், இரண்டும் ஒரே அளவாக இருக்கின்றன. எது புதியது?”

“எது என்று உறுதியாகத் தெரியும்வரை எதையும் அழுத்த வேண்டாம், தம்பி” என்றேன்.

வன்தட்டுகளுக்குக் கணினி இடும் இலக்கத்தை நம்பக் கூடாது, அது மாறக்கூடும். முற்றிலும் புதியதொன்றில் பிரிவு எதுவும் இராது. ‘அன்அலொகேட்டட்’ என்று எழுதிய கறுப்புப் பட்டை மட்டுமே தெரியும். பழையதில் ‘சி’ முதலிய எழுத்துகளுடன் பிரிவுகள் இருக்கும். வேறு கணினியிலிருந்து கழற்றிய பழைய வன்தட்டைச் சேர்த்தால், அதிலுள்ளவற்றைப் பார்க்காமல் அழிக்கலாகாது. புதியது எதுவெனத் தெளிந்த பின்னர், ‘இனிஷியலைஸ்’ செய்யும்போது ‘ஜிபிடி’ என்பதைத் தெரிவு செய்யுங்கள். 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட இடத்தை முழுமையாக ஆள்வதற்கு அதுவே ஏற்றது. பிறகு கறுப்புப் பட்டையில் ‘நியூ சிம்பிள் வொலியூம்’ அமைத்து, ‘என்டிஎஃப்எஸ்’ முறையில் ஃபார்மட் செய்து, ‘ஏடுகள்’ என்பது போன்ற பெயரும் இடுங்கள்.

ஒரு டெராபைட் வாங்கினேன், 931 கிகாபைட் என்றல்லவா காட்டுகிறது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா என்று சிலர் கேட்பதுண்டு. ஏமாற்று ஒன்றுமில்லை. தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். விண்டோஸ் 1,024ஆக எண்ணுகிறது. அளவுகோல்தான் வேறு, பொருள் ஒன்றே.

இரண்டாவது வன்தட்டு வந்துவிட்டது. இனிக் கவலையில்லை என்று இருந்துவிடலாமா? கூடாது. முதலாவதாக, பிரதி தானே உண்டாகாது. வாரம் ஒருமுறையேனும் கோப்புகளை அங்கே பிரதி செய்யும் வழக்கம் வேண்டும். இரண்டாவதாக, இரு அலுமாரிகளும் ஒரே அறையில்தானே இருக்கின்றன! ஊவாவில் சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகலில் இறங்கும் மின்னலை நீங்கள் அறிவீர்கள். ஒரே மின்வழங்கியில் தொங்கும் இரண்டு வன்தட்டுகளும் ஒரே நொடியில் கருகக்கூடும். திருடன் வந்தால் பெட்டியோடு இரண்டும் போகும். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள், கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுள் புதைந்ததை இம்மாவட்டம் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலும் பல சரிவுகளை இடித்துச் சென்றது. உயிரிழப்பின் முன்னே ஏட்டிழப்பு சிறிதுதான். ஆனால் உயிர் தப்பியவர் மறுநாள் எழுந்து, தாம் யார் என்பதை ஒரு காகிதத்தைக் கொண்டே நிறுவ வேண்டியிருக்கிறது.

ஆகையால் மூன்றாவது பிரதி ஒன்றும் வேண்டும். மாதம் ஒருமுறை வெளி வன்தட்டு ஒன்றில் எடுத்து, கணினியிலிருந்து கழற்றி, வேறொரு கட்டடத்தில், இயன்றால் வேறோர் ஊரில், பூட்டி வைப்பது நன்று. பிள்ளைகளின் விபரங்கள் அதில் இருப்பதால் பொறுப்பான ஒருவர் கையிலேயே அது இருக்க வேண்டும். மூல ஏடுகளையும் எறிந்துவிடாதீர்கள். கணினி மௌனமான அன்று எங்களைக் காப்பாற்றியது, ஓரம் சிதைந்த அந்தப் பழைய பக்கந்தான்.

நேயர்களே, உங்கள் கணினியில் இருப்பவற்றுள் எது போனால் மீண்டும் பெற முடியாதது என்று இன்றிரவு எண்ணிப் பாருங்கள். தாத்தாவின் புகைப்படமாக இருக்கலாம். சங்கத்தின் கணக்காக இருக்கலாம். ஒரு பிள்ளையின் பெயராக இருக்கலாம். அது ஒரே இடத்தில் மட்டும் இருக்குமாயின், நாளைக்கே இரண்டாவது இடம் ஒன்றைத் தேடுங்கள்.