சந்தைக் கோழியை அன்றே கூட்டில் விடாதீர்கள்

சந்தையில் நாட்டுக்கோழி வாங்கும்போது எதையெல்லாம் பார்ப்பீர்கள்? கொண்டை சிவந்திருக்கிறதா, கண் தெளிவாக இருக்கிறதா, தூக்கினால் கனம் தெரிகிறதா, பின்புறத்தில் கழிச்சல் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பீர்கள். பேரம் முடிந்ததும் காலைக் கட்டி வண்டியில் மாட்டிக்கொண்டு வீடு வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். கட்டை அவிழ்த்து, ஏற்கெனவே இருக்கும் கோழிகளோடு கூட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிடுவோம். நம்மில் பெரும்பாலோர் செய்வது இதுதான். நானும் செய்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மாசி மாதம், அம்மாவிடம் இருந்த 20 கோழிகளோடு இன்னொன்று சேரட்டும் என்று ஒரு சிறுவிடைப் பெட்டையை வாங்கி வந்து அன்றே கூட்டில் விட்டேன். மற்ற கோழிகள் அதைச் சுற்றி வளைத்துக் கொத்தின. 'ரெண்டு நாள்ல பழகிக்கும்' என்றார் அம்மா. மூன்றாம் நாள் அது இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் நின்றது. கொத்து வாங்கிய களைப்பு என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து செத்தது. அடுத்த வாரம் அம்மாவின் கோழிகள் ஒவ்வொன்றாகக் கழுத்தைத் திருகிக்கொண்டு விழுந்தன. மிஞ்சியவை மூன்று.

அதோடு முடியவில்லை. பக்கத்து வீட்டு அக்காவின் கோழிகளும் எங்கள் எருக்குழியில்தான் மேயும். அவருடைய ஒன்பதில் ஏழு போயின. முட்டை விற்ற காசில்தான் மகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொண்டிருந்தார். 'சீக்கு வந்தா கோழி சாகத்தான் செய்யும் தம்பி' என்றார். அந்தச் சீக்கு நான் வாங்கி வந்த கோழியோடு வந்தது என்று அவரிடம் சொல்ல எனக்கு இரண்டு வாரம் ஆனது.

நான் படித்தது உழவியல். வெளியூரிலிருந்து வரும் நாற்றை நேராக வயலில் நடாதீர்கள், பூச்சி நோய் இருக்கிறதா என்று பாருங்கள் என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்கிறவன். கோழி விஷயத்தில் மட்டும் அது நினைவுக்கு வரவில்லை.

நல்ல கோழிதானே?

வெள்ளைக் கழிச்சல் என்று நாம் சொல்லும் ராணிகெட் நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ். கோழியின் உடலுக்குள் போன பிறகு அறிகுறி தெரிய 2 முதல் 15 நாட்கள் வரை ஆகலாம். பெரும்பாலும் ஐந்தாறு நாளில் தெரிந்துவிடும். சந்தையில் நீங்கள் பார்க்கும்போது அந்தக் கோழி இந்த இடைவெளியில் இருந்தால், கொண்டை சிவப்பாகத்தான் இருக்கும், தீனியும் எடுக்கும். தடுப்பூசி போட்ட கோழியாக இருந்தால் இன்னொரு சிக்கல் உண்டு. அதற்கு நோய் வராது, ஆனால் சந்தையில் தொற்றிய வைரஸைச் சில நாட்கள் எச்சத்தில் வெளியேற்றிக்கொண்டிருக்கும். ஆகவே 'ஊசி போட்ட கோழி' என்று விற்பவர் சொன்னாலும் அவசரப்பட வேண்டாம். இந்த நோய் வந்தபின் குணமாக்க மருந்து கிடையாது.

நாள்பட்ட சளி நோய், ரத்தக் கழிச்சல், அம்மை, பேன், உண்ணி எல்லாமே இப்படித்தான் புதுக்கோழியோடு வந்து சேர்கின்றன. இதில் உண்ணி பொல்லாதது. பகலில் கூட்டின் மரவிரிசலில் ஒளிந்திருந்து இரவில் ரத்தம் குடிக்கும். ஒருமுறை கூட்டில் ஏறிவிட்டால் ஒழிப்பது பெரும்பாடு.

வாங்கிய கோழி மட்டும்தான் புதுக்கோழி என்று நினைக்க வேண்டாம். விலை படியவில்லை என்று சந்தையிலிருந்து திருப்பிக் கொண்டுவரும் உங்கள் சேவலும் புதுக்கோழிதான். வாரத்துக்கு விட்ட இடத்திலிருந்து திரும்பி வருவது, கோயிலுக்கு நேர்ந்துவிட வாங்கி நான்கு நாள் கூட்டில் வைத்திருப்பது, மகளுக்குச் சம்பந்தி வீட்டில் கொடுத்துவிட்டது எல்லாமே இந்தக் கணக்கில் வரும்.

முதல் 30 நாள்

புதுக்கோழியை 30 நாள் தனியே வைக்க வேண்டும். இடமே இல்லை என்பவர்களும் 21 நாளுக்குக் குறைக்கக் கூடாது. கூட்டுக்குப் பக்கத்துத் தூணில் காலைக் கட்டிப் போடுவது தனிமை ஆகாது. வீட்டின் மறுபக்கம், பழைய கூட்டிலிருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி, காற்று அங்கிருந்து பழைய கூட்டை நோக்கி வீசாத இடமாகப் பாருங்கள். ஒரு பஞ்சாரம் போதும். அதற்கென்று தனித் தண்ணீர்ச் சட்டி, தனித் தீனித் தட்டு. தினமும் பழைய கோழிகளுக்குத் தீனி வைத்து முடித்த பிறகே புதுக்கோழியிடம் போங்கள். அங்கே போக ஒரு பழைய செருப்பை ஒதுக்கி வையுங்கள். திரும்பியதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சந்தைக்குக் கொண்டுபோன கூடையையும் சாக்கையும் பழைய கூட்டுப் பக்கம் வைக்காமல் கழுவி வெயிலில் காயப் போடுங்கள்.

முதல் வாரம் வெறுமனே கவனித்தால் போதும். காலையில் எச்சத்தைப் பாருங்கள். இரவில் காதை வைத்துக் கேளுங்கள், மூச்சில் கரகரப்பு இருந்தால் சளி. இறக்கையின் அடியிலும் வால் புறத்திலும் பேன் இருக்கிறதா என்று இறகை விலக்கிப் பாருங்கள். கால் செதில்கள் தூக்கிக்கொண்டு சுண்ணாம்பு படிந்ததுபோல் இருந்தால் அது செதில் பேன். காலைக் கழுவி வேப்ப எண்ணெயை நன்றாகத் தடவி, சில நாள் விட்டு மீண்டும் தடவுங்கள். சாம்பலும் மணலும் கலந்து ஒரு மூலையில் கொட்டி வைத்தால் கோழி தானே புரண்டு குளித்துக்கொள்ளும்.

இரண்டாம் வாரத் தொடக்கத்தில் குடற்புழு நீக்க மருந்து கொடுங்கள். அதற்கு ஒரு வாரம் கழித்து, கோழி நல்ல நிலையில் இருந்தால், கால்நடை மருத்துவரிடம் கேட்டு வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசி போடுங்கள். எட்டு வாரத்துக்கு மேற்பட்ட கோழிக்கு ஆர்.டி.வி.கே. ஊசி. அது வேலை செய்ய ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். கணக்குப் போட்டுப் பாருங்கள், 30 நாள் சரியாக வந்துவிடும். இடையில் இன்னொரு கோழி வாங்கி அதே பஞ்சாரத்தில் போட்டால், நாளை மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும்.

பழைய கோழிகளுக்கும் ஊசி போட்டிருக்க வேண்டும். கால்நடைத் துறை ஆண்டுதோறும் இருவார முகாம் நடத்தி இலவசமாகப் போடுகிறது. முகாம் வரும் நேரத்தில் கோழி மேயப் போயிருக்கும் என்பதுதான் பல வீடுகளில் நடக்கிறது. எங்கள் வீட்டிலும் அந்த ஆண்டு அப்படித்தான் தவறியது. முதல் நாள் இரவு அடைத்த கோழியை ஊசி போடும்வரை திறந்துவிடாதீர்கள். களப்பணியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: முகாம் தேதியைச் சொல்லும்போதே இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். திட்டத்தில் கோழி வழங்கும்போது, தனியே வைக்க இடம் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

ஒரு கோழிக்கு இவ்வளவு பாடா என்பீர்கள். நாட்டுக்கோழி நாளைக்கு 80 கிராம் தின்கிறது என்று வைத்தாலும், 30 நாளைக்கு இரண்டரைக் கிலோவுக்குள் கம்போ சோளமோதான் செலவு. அதையும் அது எப்படியும் தின்னத்தான் போகிறது.

கூட்டத்தில் சேர்ப்பது

இனிமேல்தான் சண்டை. கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு. நார்வே நாட்டைச் சேர்ந்த ஷெல்டெரப் எபே என்பவர் 1920களிலேயே இதைக் கவனித்து எழுதினார். முதல் இடத்தில் இருப்பது எல்லாவற்றையும் கொத்தும், கடைசியில் இருப்பது எல்லோரிடமும் கொத்து வாங்கும். புதிதாக ஒன்று நுழைந்தால் அந்த வரிசையை மறுபடி போட்டாக வேண்டும். ஆகவே கொத்தலே இல்லாமல் சேர்க்க முடியாது. காயம் இல்லாமல் சேர்க்கலாம்.

முதலில் பஞ்சாரத்தைப் பழைய கோழிகள் மேயும் இடத்துக்குக் கொண்டுவந்து, புதுக்கோழியை அதற்குள்ளேயே ஒரு வாரம் வையுங்கள். ஒன்றையொன்று பார்க்கட்டும், கொத்த முடியாது. தீனியைப் பஞ்சாரத்தின் உள்ளேயும் வெளியேயும் ஓரமாகத் தூவினால் பக்கத்தில் பக்கத்தில் நின்று தின்னப் பழகும். பிறகு ஒரு மாலை, அடைவதற்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது திறந்துவிடுங்கள். இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது. எல்லாம் அடைந்தபின் புதியதைத் தூக்கிக் கூட்டில் மற்றவற்றின் பக்கத்தில் வைத்துவிடுங்கள். மறுநாள் விடிவதற்கு முன் எழுந்து கூட்டைத் திறப்பது முக்கியம். வெளிச்சம் வந்தபின் உள்ளே அடைபட்டுக் கிடந்தால்தான் காயம் படும்.

தீனியையும் தண்ணீரையும் இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள். ஒரு தென்னந்தட்டியைச் சுவரில் சாய்த்து வைத்தால், துரத்தப்படும் கோழி அதன் பின்னால் போய் நின்றுகொள்ளும். ஒன்றாகச் சேர்ப்பதைவிட இரண்டாகச் சேர்ப்பது நல்லது, கொத்தல் பங்காகிவிடும். வளர்ந்த கோழிகளோடு இளங்குஞ்சுகளைச் சேர்க்க வேண்டாம், உருவத்தில் ஏறக்குறைய ஒத்துவரட்டும். அடையில் இருப்பதும் குஞ்சோடு இருப்பதும் இருக்கும் நேரத்தில் புதியதை விடாதீர்கள். இரண்டு அசில் சேவல்களை ஒன்றாக விடும் யோசனையே வேண்டாம், ஒன்று சாகும்வரை விடாது.

துரத்தலும் தலையில் இரண்டு கொத்தும் இயல்பு. ரத்தம் தெரிந்தால் உடனே பிரித்துவிடுங்கள். சிவப்பைக் கண்டால் மற்றவையும் வந்து கொத்தும். காயத்தில் மஞ்சளும் வேப்ப எண்ணெயும் குழைத்துப் பூசுங்கள். ஒரே ஒரு கோழிதான் விடாமல் துரத்துகிறது என்றால், அடி வாங்குவதை அல்ல, துரத்துவதைப் பிடித்துப் பஞ்சாரத்தில் மூன்று நான்கு நாள் மூடி வையுங்கள். அதற்குள் மற்றவை புதியதோடு ஒத்துப்போய்விடும், திரும்பி வரும்போது அதற்குப் பழைய வீறாப்பு இருக்காது.

இடம் மாறிய கோழி இரண்டு மூன்று வாரம் முட்டையை நிறுத்திக்கொள்ளும், அதை நோய் என்று நினைக்க வேண்டாம். முதல் சில இரவுகள் அடைந்தபின் புதுக்கோழியின் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். நிரம்பி உருண்டையாக இருந்தால் கவலையில்லை. தட்டையாக இருந்தால், பகலில் அதைத் தின்ன விடவில்லை என்று பொருள். மறுபடி பஞ்சாரத்தில் போட்டு நான்கு நாள் கழித்து விடுங்கள்.