வருகை வளையத்து மெழுகுதிரிகள்

எம்மவர் வீடுகளில் மெழுகுதிரிக்கு மதிப்பு வருவது மின்சாரம் நின்றுவிட்ட வேளையிலேதான். 2022 ஆம் ஆண்டு பங்குனி மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டபோது, படிக்கும் பிள்ளைகளுக்காகக் கடை கடையாய் மெழுகுதிரி தேடி அலைந்தோர் நம்மிற் பலர். அதே ஆண்டின் கடைசியில், ஜேர்மனி நாட்டிலுள்ள ஒரு வீட்டில், நன்றாய் எரிந்துகொண்டிருந்த மின்விளக்கை வேண்டுமென்றே அணைத்துவிட்டு, ஒற்றை மெழுகுதிரியை ஏற்றி அதனைச் சுற்றி அமர்ந்திருக்கும் பேறு எமக்குக் கிட்டியது. அவ்வீடு எமது தங்கையின் வீடு. சைவக் குடும்பந்தான். ஆயினும் அவள் மகள், ஏழு வயதுச் சிறுமி, தன் பாடசாலைத் தோழியர் வீடுகளில் உள்ளதுபோலத் தங்கள் மேசையிலும் ஒரு வருகை வளையம் இருக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். மெழுகுதிரிகளைக் கடையில் வாங்காமல் நாமே செய்வோம் என்று சொல்லிவிட்டு, அந்தப் பொறுப்பை நாம் ஏற்றுக்கொண்டோம். அதனால் நாம் கற்றவற்றை வாசக நேயர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வளையம் பிறந்த கதை

நத்தார்ப் பண்டிகைக்கு முன்வரும் நான்கு ஞாயிறுகளையும் உள்ளடக்கிய காலத்தைக் கிறிஸ்தவர் திருவருகைக் காலம் என்பர். கார்த்திகை மாதத்தில், நவம்பர் 27 ஆந் திகதிக்கும் டிசெம்பர் 3 ஆந் திகதிக்கும் இடைப்பட்ட ஞாயிறன்று அது தொடங்கும். பச்சைக் கொம்பர்களால் வளையம் கட்டி, அதில் நான்கு மெழுகுதிரிகளை நிறுத்தி, முதல் ஞாயிறன்று ஒன்று, இரண்டாம் ஞாயிறன்று இரண்டு என ஏற்றிவருதல் ஜேர்மானியர் வழக்கம்.

இது மிகப் பழைய வழக்கம் என்று எண்ணுவோர் உண்டு. அவ்வாறன்று. ஹம்பேர்க் நகரில் யொகான் ஹின்றிச் விச்சேர்ன் என்னும் போதகர், ஆதரவற்ற பிள்ளைகளுக்காக 1833 ஆம் ஆண்டில் ஓர் இல்லத்தைத் தொடங்கினார். நத்தார் எப்போது வரும், எப்போது வரும் என்று அப்பிள்ளைகள் ஓயாது கேட்டுக்கொண்டிருந்தனராம். 1839 ஆம் ஆண்டில் அவர் ஒரு மரச் சக்கரத்தை எடுத்து, ஞாயிறுகளுக்கென நான்கு பெரிய வெள்ளை மெழுகுதிரிகளையும், ஏனைய நாள்களுக்கெனச் சிறிய சிவப்பு மெழுகுதிரிகளையும் அதில் நாட்டினார். நாளொன்றுக்கு ஒரு திரி. பிள்ளைகள் எண்ணவும் கற்றனர்; காத்திருக்கவும் கற்றனர். அச்சக்கரம் வீடுகளுக்குள் நுழைந்தபோது சிறிய திரிகள் மறைந்து நான்கு மாத்திரம் எஞ்சின. 1925 ஆம் ஆண்டில் கொலோன் நகரிலுள்ள கத்தோலிக்க தேவாலயம் ஒன்றிலும் அது இடம்பெற்றது. ஆகவே வருகை வளையம் முதலில் அலங்காரமன்று. காலத்தைக் காட்டும் ஒரு கருவி. இதனை மனத்திற் கொண்டால் மெழுகுதிரிகளைத் தெரிந்தெடுத்தல் எளிதாகிவிடும்.

அப்பம்மாவின் ஆட்சேபம்

எமது தங்கை ஊசியிலை மரக் கொம்பர்களை வாங்கிவந்து வளையமாகக் கட்டி மேசைமீது வைத்ததும், முதலில் வந்தது ஓர் ஆட்சேபம். சிறுமியின் அப்பம்மா அதனைக் கண்டு திடுக்கிட்டு, “உதென்ன பிள்ளை, செத்தவீட்டு வளையத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையிலை வைச்சிருக்கிறாய்?” என்றார். நம் நாட்டில் வளையம் என்றால் மலர்வளையம். மலர்வளையம் என்றால் மரணவீடு. அம்மூதாட்டியிற் குற்றமில்லை. “இது போறவைக்கு வைக்கிற வளையமில்லை, அப்பம்மா. வாறவைக்கு வைக்கிறது” என்று சிறுமி சொன்னாள். பாடசாலையிற் கற்றதோ, தானே கண்டதோ, நாம் அறியோம். அப்பம்மா மறுமொழி கூறாமல், எல்லாம் முடியட்டும் பார்க்கலாம் என்பதுபோல் நாற்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்தார்.

எந்த மெழுகு?

மெழுகிற் பலவகை உண்டு. கடைகளில் மலிவாய்க் கிடைப்பது கனிய எண்ணெயிலிருந்து பெறப்படும் பரபின் மெழுகு. கொழுப்பிலிருந்து பிரிக்கப்படும் ஸ்டியரிக்கு அமிலம் மற்றொன்று. பிரெஞ்சு இரசாயன அறிஞர் செவ்ரல் கொழுப்புகளை ஆராய்ந்ததன் பயனாக, நாற்றமும் புகையும் மிக்க மிருகக் கொழுப்புத் திரிக்குப் பதிலாக இது பத்தொன்பதாம் நூற்றாண்டில் வழக்கத்துக்கு வந்தது. எல்லாவற்றிலும் பழையதும் விலையுயர்ந்ததும் தேன்மெழுகு. அது 62 முதல் 64 பாகை செல்சியசில் உருகும். மெல்லிய தேன்மணம் கமழ எரியும். எமது தங்கையின் வீட்டருகே தேனீ வளர்ப்பவர் ஒருவர் இருந்தமையால் நாம் தேன்மெழுகையே தெரிந்துகொண்டோம்.

மெழுகை நேரே அடுப்பில் வைத்தலாகாது. அளவுக்கு மேற் சூடேறினால் அது நெருப்புப் பற்றும். ஒரு பாத்திரத்தில் நீரைச் சூடாக்கி, அதனுள் பால்மாப் பேணி ஒன்றை வைத்து, பேணிக்குள் மெழுகை உருக்குதல் வேண்டும். நீர் 100 பாகையைத் தாண்டாதாகையால் மெழுகும் தாண்டாது. தவறி மெழுகில் நெருப்புப் பற்றினால் நீர் ஊற்றக்கூடாது. அடுப்பை அணைத்து மூடியால் மூடிவிடவேண்டும். இதனைப் பிள்ளைகளுக்கு முதலிற் சொல்லிக்கொடுத்த பின்பே வேலையைத் தொடங்கினோம்.

தகர அச்சின் அடித்துளை வழியே திரியைக் கோத்து, மேலே ஒரு குச்சியில் இழுத்துக் கட்டி, அச்சின் உட்புறத்தில் ஒருதுளி எண்ணெய் தடவி, உருகிய மெழுகை மெல்ல வார்த்தோம். ஆறும்போது மெழுகு சுருங்கி நடுவிற் குழி விழும். அக்குழியை மீண்டும் மெழுகு வார்த்து நிரப்பவேண்டும். ஓர் இரவு முழுவதும் ஆறவிட்டால் திரி தானாகவே கழன்று வரும்.

திரியில் நேர்ந்த பிழை

முதலில் வார்த்த மெழுகுதிரி பார்வைக்கு அழகாய் இருந்தது. ஆனால் ஏற்றியதும் கரும்புகை கக்கியது. சிறிது நேரத்திற் கருகிய நுனி காளான்போற் பருத்து, உருகிய மெழுகினுள் அமிழ்ந்து அணைந்தது. பிழை எம்முடையதே. சுவாமி விளக்குக்கென வீட்டில் இருந்த பஞ்சுத்திரியையே நாம் மெழுகுக்கும் இட்டிருந்தோம். எண்ணெய் விளக்கில் திரி கருகினால் தூண்டிவிடக் கை இருக்கிறது, தூண்டுகோல் இருக்கிறது. மெழுகுதிரியை யார் தூண்டுவது?

ஐரோப்பியரும் முன்னாளில் இதே தொல்லையை அனுபவித்தவரே. எரியும் மெழுகுதிரியின் கருகிய நுனியை அடிக்கடி கத்தரித்துக்கொண்டே இருந்தனர். 1825 ஆம் ஆண்டில் கம்பசெரே என்னும் பிரெஞ்சுக்காரர் நூலை முறுக்காமற் பின்னித் திரி செய்தார். பின்னிய திரி எரியும்போது ஒரு பக்கமாக வளையும். வளைந்த நுனி சுடரின் வெளிவிளிம்பில் காற்றைச் சந்தித்து முற்றாக எரிந்து சாம்பலாகும். கத்தரிக்கவேண்டிய தேவையே இல்லை. தூண்டா விளக்கு என்று நாம் சொல்கின்றோமே, அதனை ஒரு பின்னல் சாதித்துவிட்டது. திரியின் பருமனும் மெழுகுதிரியின் பருமனுக்கு ஒத்திருத்தல் அவசியம். திரி மெலிந்தால் உருகிய மெழுகில் அமிழும்; பருத்தாற் புகையும்.

மாணவர் ஒரு சோதனையைச் செய்து பார்க்கலாம், பெரியவர் ஒருவர் அருகிலிருக்க. மெழுகுதிரியை ஊதி அணைத்தவுடன் எழும் வெண்புகையில், திரியைத் தொடாமல் நெருப்புக்குச்சியைக் காட்டுங்கள். சுடர் தாவிச்சென்று திரியைப் பற்றும். எரிவது நூலன்று, மெழுகின் ஆவியே என்பது இதனாற் புலப்படும். புத்தகம் கட்டும் தொழிலாளியிடம் பயிலுநராயிருந்து பெரும் விஞ்ஞானியாய் உயர்ந்த மைக்கேல் பரடே, 1860 ஆம் ஆண்டு நத்தார் விடுமுறையில் இலண்டன் மாநகரில் இளைஞர்களுக்கு நிகழ்த்திய ஆறு விரிவுரைகளும் ஒரு மெழுகுதிரியைப் பற்றியனவே.

நிறத்தைப் பற்றி

ஜேர்மானிய வீடுகளிற் சிவப்புத் திரிகள் மிகுதி. கத்தோலிக்கர் பலர் மூன்று ஊதாவும் ஒன்று இளஞ்சிவப்புமாக வைப்பர். ஊதா தவத்தின் நிறம். இளஞ்சிவப்பு மூன்றாம் ஞாயிறுக்குரியது. பாதி வழிக்குமேல் வந்துவிட்டோம் என்னும் மகிழ்ச்சியைக் குறிப்பது. அப்பம்மா இதற்குள் மனம் இளகி, “கொஞ்சம் குங்குமத்தைக் கரைச்சு விடுங்கோவன்” என்றார். அன்போடு கூறிய யோசனைதான். ஆயினும் தூள்கள் மெழுகிற் கரையா. திரியின் துளைகளை அடைத்துச் சுடரைக் கெடுத்துவிடும். மெழுகிற் கரையும் சாயமே வேண்டும். நாம் சாயமிடாது தேன்மெழுகின் மஞ்சளையே விட்டுவிட்டோம். அது மஞ்சட்காப்புப்போல் இருக்கிறது என்று சொல்லி அப்பம்மா திருப்தியடைந்தார்.

ஒரு கணக்கும் ஒரு கண்ணீரும்

2022 ஆம் ஆண்டில் நத்தார் ஞாயிற்றுக்கிழமையில் வந்தமையால் திருவருகைக் காலம் 28 நாள்கள் கொண்ட நீண்ட காலமாயிற்று. மாலைதோறும் அரைமணிநேரம் ஏற்றுவது என்று தீர்மானித்தோம். முதலாந் திரி 28 மாலைகள் எரியும். இரண்டாவது 21, மூன்றாவது 14, நான்காவது 7. அதாவது முறையே 14 மணி, பத்தரை மணி, 7 மணி, மூன்றரை மணி. ஒரு திரியை ஒரு மணிநேரம் எரித்து, முன்னும் பின்னும் சமையலறைத் தராசில் நிறுத்தோம். ஏறக்குறைய 5 கிராம் குறைந்திருந்தது. எனவே முதலாந் திரிக்கு 70 கிராம் மெழுகு வேண்டும். அடிவரை எரியவிட்டாற் கொம்பர் தீப்பிடிக்குமாகையால் மிச்சமும் இருக்கவேண்டும். 20 சென்ரிமீற்றர் உயரமும் இரண்டரைச் சென்ரிமீற்றர் விட்டமும் கொண்ட திரி ஏறக்குறைய 95 கிராம் நிறுக்கும். அதுவே பொருத்தமான அளவாயிற்று.

சிறுமி இதற்குள் தனக்கென ஒரு திரி செய்திருந்தாள். தேன்மெழுகுத் தாளில் ஓரத்தே திரியை வைத்துப் பாய்போற் சுருட்டுவது. நெருப்பே வேண்டாத, பிள்ளைகளுக்கேற்ற முறை. சற்றுக் கோணலாயிருந்தது. தராசில் 40 கிராம் காட்டிற்று. அதுதான் முதலாந் திரியாக வேண்டும் என்றாள். கணக்கைக் காட்டினோம். தாளிடுக்குகளிற் காற்று இருப்பதால் அது இன்னும் விரைவாக எரியும். நத்தாருக்கு முன்பே தீர்ந்துவிடும். நான்காம் இடத்தில் வைத்தால் மாத்திரமே கடைசி நாள்வரை நிற்கும். “அப்ப நான் மூண்டு கிழமை சும்மா பாத்துக்கொண்டு இருக்கவேணுமோ, மாமா?” என்று கேட்டவளின் கண்கள் நிறைந்தன. எமது கணக்கு சரியானதுதான்; ஆனால் அக்கண்ணீருக்கு அதனிடம் விடை இல்லை.

விடை அவள் தந்தையிடமிருந்து வந்தது. தொழிற்சாலையில் ஞாயிறுகளிலும் மாலை முறை வேலை செய்பவர் அவர். முதல் மூன்று ஞாயிறுகளும் வீட்டில் இருக்க வழியில்லை. நான்காம் ஞாயிறு மட்டும் விடுமுறை. “அப்பா இருக்கிற அண்டைக்குத்தானே உன்ரை திரி. நானும் மூண்டு கிழமை காத்திருக்கிறன்” என்றார் அவர். சிறுமி நெடுநேரம் யோசித்தாள். பின்னர் தன் கோணல் திரியைத் தானே எடுத்துச்சென்று நான்காம் கிண்ணத்தில் நிறுத்தினாள்.

அந்நாட்டில் அக்காலத்திற் பிற்பகல் நாலரை மணிக்கே இருண்டுவிடும். ஒவ்வொரு மாலையும் அரைமணிநேரம் அம்மேசையைச் சுற்றி அனைவரும் அமர்ந்தனர். கொம்பர் உலர்ந்தால் எளிதில் தீப்பற்றும். ஆதலால் திரிகளை உலோகக் கிண்ணங்களில் நிறுத்தினோம். எவரேனும் எழுந்து போகுமுன் அணைத்தோம். பொத்தானை அழுத்தினால் ஒளிரும் மின்கலத் திரிகளும் கடையில் உண்டு. அவற்றில் ஆபத்தில்லை, ஆனால் அவை குறைவதுமில்லை. கடந்த நாள்களைக் குறைந்து காட்டாத திரி காத்திருப்பை எப்படி அளக்கும்?

டிசெம்பர் 18 ஆந் திகதி தந்தை வீட்டில் இருந்தார். சிறுமி அவர் கையைப் பற்றிக்கொண்டு நான்காந் திரியை ஏற்றினாள். அது சற்றே சாய்ந்து, விரைவாக, நன்றாக எரிந்தது. டிசெம்பர் 24 ஆந் திகதி மாலையில் முதலாந் திரி ஐந்து சென்ரிமீற்றர் அளவில் நின்றது, இரண்டாவது ஒன்பதளவில், மூன்றாவது பதின்மூன்றளவில். இவற்றினருகே அவளுடைய கோணல் திரியும் பாதி உடலோடு நின்றது. அப்பம்மா நான்கையும் ஒருமுறை பார்த்தார். பிறகு, முதலாந் திரியின் குட்டைத் துண்டைக் காட்டி, “பாவம், இதுதான் கனநாள் முழிச்சிருந்தது” என்றார்.

அத்துண்டுகளை வீசிவிடவில்லை. உருக்கி அடுத்த ஆண்டுத் திரிக்குச் சேர்த்துக்கொண்டதாகத் தங்கை பின்னர் எழுதியிருந்தாள். அச்சில் மெழுகு வார்த்தவள் சிறுமிதானாம். இம்முறை முதலாந் திரி அவளுடையது. நிறுத்துப் பார்த்தாளாம், 95 கிராம்.