குடசப்பாலையும் வெட்பாலையும்: பேதம் அறியும் முறை

குன்றுகளை அடுத்த காடுகளில் மருந்துப் பட்டை சேகரிப்போர் வெட்பாலையைக் குடசப்பாலை என்று மயங்கி உரித்து விடுவதுண்டு. இது வஞ்சகமன்று. இரண்டிலும் இலைகள் எதிரெதிராய் அமையும்; கிள்ளினால் வெண்பால் வடியும்; வெண்ணிறப் பூவும், இரட்டைக் காயும், கோடையில் இலையுதிர்வதும் இரண்டிற்கும் பொது. ஆயினும் சீதபேதிக்கு வைத்தியர்கள் நெடுங்காலமாக வழங்கி வந்தது குடசப்பாலைப் பட்டையே. கொனெசின் என்னும் மருந்துச் சத்து அப்பட்டையினின்றே 1858-ஆம் ஆண்டில் பிரித்தெடுக்கப்பட்டது. வெட்பாலைப் பட்டை அதற்கு ஈடாகாது. கலப்பினால் நோயாளிக்குக் கெடுதி. சங்கத்தின் சரக்கு முழுவதற்கும் அவப்பெயர்.

முதலில் இலையைக் கவனிக்க வேண்டும். குடசப்பாலையின் முற்றிய இலை அகன்று, பெரும்பாலும் அரை அடிக்குக் குறையாமல் நீண்டிருக்கும். நடுநரம்பின் இருபுறமும் பத்துக்கு மேற்பட்ட கிளை நரம்புகள் தெளிவாகத் தெரியும். வெட்பாலை இலையோ சிறுத்து, நுனி கூர்ந்து, பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து அங்குலமே இருக்கும். ஆனால் இளங்கன்றிலும் வெட்டிய அடியில் கிளம்பிய துளிரிலும் இலை பெருத்துக் காணுமாதலால், அளவை மட்டும் நம்புதல் கூடாது. சந்தேகம் தோன்றினால் சில இலைகளைக் கிள்ளித் தேங்காயெண்ணெயில் இட்டு வெயிலில் வைக்க. எண்ணெய் ஊதா நிறம் கொண்டால் அது வெட்பாலை. முன்னாளில் அவுரியைப் போலவே இவ்விலையினின்றும் நீலச்சாயம் எடுத்ததுண்டு.

இலையுதிர்ந்த காலத்தில் பட்டையும் காயுமே துணை. குடசப்பாலையின் அடிமரப் பட்டை பழுப்பாயும் சொரசொரப்பாயும் இருந்து, சிறு செதில்களாக உதிரும். வெட்பாலைப் பட்டை வெளிறிய சாம்பல் நிறமும் வழவழப்பும் உடையது. குடசப்பாலையில் இரு காய்களும் தனித்தனியே தொங்கும். வெட்பாலையில் அவை நுனியில் ஒட்டியிருந்து, முற்றி வெடிக்குங்கால்தான் பிரியும்.

சிலர் பட்டையை மென்று, கசப்பைக் கொண்டு தீர்மானிப்பர். இது மிகவும் அபாயமான வழக்கம். எட்டிப் பட்டையும் கசப்பே. அதிலிருப்பதோ உயிரைப் போக்கும் நஞ்சு. 19-ஆம் நூற்றாண்டில் கல்கத்தாக் கடைகளில் எட்டிப் பட்டை வேறொரு மருந்துப் பட்டையின் பெயரால் விற்கப்பட்டதுண்டு.

வெட்பாலையை இகழ்வதற்கில்லை. சன்னபட்டணத்துப் பொம்மைகள் அம்மரத்தில் கடைந்தவை. அதை வீணே உரித்துக் கெடுப்பதும் நஷ்டமே.

உரித்து உலர்த்திய பின் பேதம் காண்பது அரிது. ஆகையால் இலையும் காயும் உள்ள பருவத்திலேயே குடசப்பாலை மரங்களைத் தேர்ந்து சுண்ணாம்புக் குறி இட்டுக்கொள்க. அடிமரத்தைச் சுற்றிலும் பட்டையை உரித்தால் மரம் பட்டுப்போம். முற்றிய கிளைகளை வெட்டி, அவற்றில் உரிப்பது நலம். மூட்டை ஒவ்வொன்றோடும் அம்மரத்தின் காய்க்கொத்து ஒன்றைக் கட்டியனுப்பினால், சங்கத்தில் எடை போடுமுன் ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம்.