'செடன்டரி' என்றால் சோம்பேறியா?



டாக்டர் சீட்டில் 'செடன்டரி' என்று எழுதியிருந்தால், "என்னைச் சோம்பேறின்னு எழுதிட்டாரே" என்று வருந்த வேண்டாம். லத்தீன் மொழியில் 'செடேரே' என்றால் உட்காருதல். அதிலிருந்து வந்த இந்த ஆங்கிலச் சொல்லுக்கு, 'பெரும்பாலும் உட்கார்ந்தே இருக்கிற' என்பதுதான் பொருள். பொழுதுக்கும் பீடி சுற்றும் தாய் கடும் உழைப்பாளி. ஆனாலும் அவர் வேலை செடன்டரிதான்.

உட்கார்ந்தே இருந்தால் என்ன கெடுதல்? லண்டன் மாடி பஸ்களைப் பற்றி 1953-ல் வெளியான ஆய்வில், படியேறி இறங்கிய கண்டக்டர்களைவிட, உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களுக்கு இருதய நோய் அதிகம் காணப்பட்டது.

ஆகவே வேலைக்கு நடுவே அடிக்கடி எழுந்து நாலு எட்டு நடங்க. வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமாக நடப்பது நல்லது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டு ஆரம்பியுங்கள். அடுத்த தடவை சீட்டை நீட்டும்போது, "இப்ப நடக்கிறேன் டாக்டர்" என்று சொல்லுங்கள்.